திருப்பிப் போட்ட ஜாக்கெட்

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் மார்பக ஸ்கேன் அறை வாசலில் அவரைப் பார்த்தேன். சுற்றிலும் பெண்கள்; ஆண்கள் என்று நாங்கள் இருவர்தான். ஐம்பது வயதிருக்கும், அகன்ற உடம்பு. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காற்றுக்குப் பயந்து மாட்டுவார்களே, அப்படி ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார். உள்ளே வந்தும் கழற்றவில்லை.

"ஏர்கோன் குளிருதா அண்ணே?"

"வேர்க்குது தம்பி. கழட்டுனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் லா." நான் மார்போடு அணைத்திருந்த பையைப் பார்த்தார். "உங்களுக்கும் அங்கதானா?"

தலையாட்டினேன். இடது மார்பு வீங்கியிருப்பதை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"ஆம்பளைக்கும் அந்த நோய் வருமாம்," என்றார் மெதுவாக.

அவரை முதலில் அழைத்தார்கள். வெளியேற வேறு கதவு இருந்தது. என் முறை வந்து உள்ளே போனால், கொக்கியில் அவருடைய ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை மார்பில் அழுத்தி நகர்த்தினார். "கட்டி இல்ல. சுரப்பிதான் வீங்கியிருக்கு, பயப்படாதீங்க."

"முன்னாடி வந்தவருக்கு டாக்டர்?"

"அத நான் சொல்லக்கூடாது."

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மோட்டார்கள் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அவர் போய்விட்டிருந்தார். வெறும் சட்டையோடு, எதிர்காற்றில் நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஓட்டிப் போயிருப்பார்.

கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டவர்களின் முகங்களைத் தேடுகிறேன். அன்று அந்த ஜாக்கெட்டை அவர் மறந்தது நிம்மதியிலா, பயத்திலா?