போகிறவரை எங்கே என்று கேட்பது

யுத்தம் முடிந்த மறுவருடம் என் வீட்டு முன்னறையை வெளிநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினேன். வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில். பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஊர் கேட்டது. குசினியில் இன்னொரு ஆள் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. அதை ஊருக்கு எப்படிச் சொல்வது?

இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவர் ஒரு ஜேர்மன் அம்மா. என்னைவிட மூத்தவர், தனியாக வந்திருந்தார். உலகத்து நோயெல்லாம் தனக்காகவே மட்டக்களப்பில் காத்துக் கிடக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்கு மாத்திரை, கடிக்கிற நுளம்புக்குக் களிம்பு, வெயிலுக்கு இன்னொரு களிம்பு. நாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாலும் தன்னுடைய வடிகட்டும் போத்தலில் ஊற்றித்தான் குடிப்பார். நான் வெட்டி வைத்த அன்னாசியைத் தொடமாட்டார். முழுப்பழத்தைக் கொடுத்தால் தானே கழுவி, தானே சீவித் தின்பார். பாஸ்போட்டின் பிரதி ஒன்று காலுறைக்குள் இருக்கும். கழுத்தில் ஒரு விசில். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஷெல் விழுந்த ஊரில் நாங்கள் இத்தனை வருடம் குந்தியிருந்தோம், இவர் அன்னாசிக்குப் பயப்படுகிறார் என்று மனதுக்குள் நக்கலடித்தேன்.

அந்த அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் வெளியே போகும்போது வாசல் படலையடியில் நின்று, எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு ஏற்றபடி மெதுவாகச் சொல்லுவார்.

“இன்றைக்குக் கோட்டையைப் பார்க்கப் போகிறேன். பிறகு சந்தை. நாலு மணிக்கு வந்துவிடுவேன். இருட்டும்வரை வராவிட்டால் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.”

நான் கேட்கவில்லையே என்று முதல்நாள் திகைத்துப் போனேன். எங்கள் பக்கத்தில் வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்கமாட்டோம். கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று சின்ன வயதிலேயே வாயில் தட்டிப் பழக்கியிருக்கிறார்கள். மிஞ்சிப்போனால் “தூரமா?” என்று சுற்றி வளைத்துக் கேட்கலாம். யுத்தகாலம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. தேடி வருகிறவர்கள் அடித்துக் கேட்டாலும், தெரியாதவளிடம் எடுக்க ஒன்றும் இல்லை. கேளாமல் இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு.

சுனாமியாகக் கடல் வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமையும் நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, துணிப்பையை சைக்கிள் ஹாண்டிலில் கொழுவினார்.

“தூரமா?” என்றேன்.

“இல்ல புள்ள, கிட்டத்தான். போயித்து வாறன்.”

அவ்வளவுதான் எனக்கு மிச்சம். கிட்ட என்றால் எந்தப் பக்கம்? நாவலடியில் அவருக்குக் கூட்டாளி ஒருவர் இருந்தார். அங்கே போயிருந்தால் கடல்தான். செங்கலடிச் சந்தைக்கும் போவார்; அங்கே கடல் வரவில்லை. களுதாவளைப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று முந்தின நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாவலடிக்கு ஓடினேன், ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஆட்களைக் கிடத்தியிருந்த பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஓடினேன். எந்த இடத்தில் நின்றாலும் மற்ற இடத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது. சைக்கிளும் கிடைக்கவில்லை. அந்த வருடம் இயக்கத்தில் துவக்கு வைத்திருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பிரிந்து சுட்டுக்கொண்ட வருடம். ஆட்கள் தரையிலும் காணாமல் போனார்கள். அரசாங்கக் கச்சேரியில் கடல் என்று பதிந்து தந்தார்கள். கடல்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வழக்கப்படிதான் நடந்தேன், என்மேல் பிழை இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒருநாள் அன்னாசி சீவிக்கொண்டே கேட்டார்: “நீங்கள் வெளியே போகும்போது யாரிடம் சொல்லுவீர்கள்?”

“ஒருவரிடமும் இல்லை.”

“அப்படியானால் உங்களை யார் தேடுவார்கள்?”

எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் போவதற்கு முந்தின கிழமை, களுதாவளைக்கு பஸ்ஸில் போவதாகச் சொன்னார். கோயிலைப் பார்த்து, கடற்கரையில் கொஞ்சம் நடந்து, வழக்கம்போல நாலு மணிக்குத் திரும்புவார். நாலு மணி ஆனது, வரவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பொலிஸுக்குச் சொல்லுங்கள் என்றிருந்தார். பொலிஸுக்குத் தானாக நடந்துபோய்ப் பழகிய ஆட்கள் இல்லை நாங்கள். குடையை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

கோயிலடியில் பூக்கடைக்காரரைக் கேட்டேன்.

“வெள்ளக்காரப் பொம்புளையா? ஓம், மத்தியானமே கடற்கரைக்குப் போனவ. திரும்பி வந்ததக் காணல்ல.”

சுனாமிக்குப் பிறகு நான் கடற்கரைக்குப் போனதில்லை. வாவியோடு எனக்குப் பேச்சுவார்த்தை உண்டு, கடலோடு இல்லை. மணல் தொடங்குகிற இடத்தில் கால் நின்றுவிட்டது. திரும்பிப் போனால் என்ன, ஊரான் வீட்டு மனுசிதானே என்றுகூட நினைத்தேன். அப்போது மழைச் சத்தத்துக்குள் விசில் கேட்டது. நான் நக்கலடித்த அதே விசில். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒரு மீன்வாடிக் குடிசைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் மடங்கி வீங்கியிருந்தது. அதைச் சுற்றித் தன் மருந்துப் பையில் இருந்த துணியை ஒழுங்காகக் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“வருவீர்கள் என்று தெரியும்,” என்றார். “சொல்லிவிட்டுத்தானே வந்தேன்.”

நான் அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது இவ்வளவு லேசான வேலையா? ஒரு பஸ், ஒரு பூக்கடைக்காரர், ஒரு விசில். நான் எத்தனை வருடமாகத் தேடுகிறேன்! அந்த அம்மா தனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, பெரிய காயம் இல்லை, பெரிய காயம் இல்லை என்று என் முதுகைத் தடவினார். பிறகு தன் போத்தலைத் திறந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அன்றிரவு என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் எங்கெங்கோ முறிந்தது. “கிட்ட” என்ற சொல்லில் மட்டும் அவர் என்னை நிறுத்தி, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

வீக்கம் வடிந்ததும் வெளிக்கிட்டார். ஓட்டோ வந்து நின்றது. நான் சொல்லிக் கொடுத்திருந்த “போயித்து வாறன்” என்பதைக் கொச்சையாகச் சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டினார். வழக்கமாகச் சொல்லுவதை அன்றைக்கென்று மறந்துவிட்டார். முதுகு திரும்பிவிட்டது.

“எங்க போறீங்க?”

தமிழில்தான் கத்தினேன். முன்வீட்டுக்காரி முற்றம் கூட்டுவதை விட்டு நிமிர்ந்தாள்.

“என்னகா நீ, வெளிக்கிட்ட ஆள எங்க எண்டு கேக்கிற!”

அம்மாவுக்கு என் கேள்வி விளங்கியிருந்தது. திரும்பி வந்து படலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்றைக்குத் திருகோணமலை, அங்கே கோயிலடியில் ஒரு அறை, பிறகு கொழும்பு, பிறகு வீடு. போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். சொல்லி முடித்த பிறகும் ஓட்டோவில் ஏறவில்லை.

“நீங்கள்?” என்றார். “இன்றைக்கு எங்கே போகிறீர்கள்?”

என்னை யாரும் கேட்டு எத்தனையோ காலம். முன்வீட்டுக்காரிக்கும் கேட்கும்படியாக, தமிழிலும் ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னேன்.

“செங்கலடிச் சந்தைக்குப் போறன். பஸ்ஸில போறன். மத்தியானத்துக்குள்ள வந்திருவன்.”

கிட்டத்தான் என்று சொல்லவில்லை.