அன்னலட்சுமிக்கு ஒரு பாட்டு

அன்னலட்சுமியைப் பற்றிப் பேச வந்தால் எனக்கு நன்றிதான் முதலில் வாயில் வரும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கணவர் காலமானபிறகு ஒற்றை ஆளாக நின்று மகள் கம்சலாவைப் படிக்கவைத்தார். கம்சலா இப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகளுக்கு முன்பள்ளி டீச்சர். தாய்க்கு இன்னொரு பேரும் உண்டு. பசறைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும், "பந்தல்காரனுக்குச் சொல்றதுக்கு முந்தி அன்னலட்சுமிக்குச் சொல்லு" என்பார்கள். செத்தவர் பட்ட பாட்டையெல்லாம் கேட்டறிந்து, அங்கேயே கட்டி ஒப்பாரி பாடுவார். கல்நெஞ்சக்காரனும் அழுதுவிட்டுத்தான் திரும்புவான்.

நான் நஸ்மியா. பதுளை பஜாரில் எங்களுக்குப் புடவைக் கடை. அதன் மேல்மாடியில் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கவிதை வாசிப்பு நடத்துகிறோம். அன்று மலையில் வேலை இல்லாததால் தோட்டத்துப் பெண்களும் வரமுடியும். வருகிறவர்கள் அடுத்த புத்தகத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பெயர் கொடுப்பார்கள். பெண்கள் எழுதியதை மட்டும் அச்சிடும் எங்கள் சின்னப் பதிப்பகம் அதில்தான் மூச்சுவிடுகிறது. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார் என் வீட்டுக்காரர். நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பது மட்டும் என்ன வேலையாம் என்று நானும் விடமாட்டேன்.

போன மாசிப் போயாவுக்குக் கம்சலாவின் முறை. அவளுடைய முதல் புத்தகம் அச்சுக்குத் தயாராக இருந்தது. அன்னலட்சுமி முன்வரிசையில், பக்கத்து லயத்துப் பெரியாயியோடு உட்கார்ந்திருந்தார். "இது எங்கம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்சலா பாடத் தொடங்கினாள்.

பொன்னான கொழுந்தெடுத்துப்
போட்ட கூடை நெறயலியே
என்னைப் பெத்த அம்மா – எனைப்
படிக்கவச்ச பாவத்துக்கு
கண்ணான காலுக்கொரு
செருப்பு வாங்க முடியலியே

பெரியாயி விருட்டென்று எழுந்தார்.

"அடிப்பாவி மகளே! குத்துக்கல்லாட்டம் குந்தியிருக்கிறவளுக்கு ஒப்பாரி வைக்கிறியே! நாக்கு அழுகிப் போகாதா?"

எங்கள் ஆட்களிடம் ஒப்பாரி கிடையாது. அதனால் எனக்கு அது வெறும் பாசமாகத்தான் கேட்டது. உயிரோடு இருக்கிறவருக்கு அந்த மெட்டில் பாடினால் சாவைக் கூப்பிடுகிற மாதிரி என்று அவர்கள் முகங்களைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. இரண்டு பேர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பவே தொடங்கிவிட்டார்கள்.

கம்சலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பொம்பளைங்க சொந்தமா கட்டிப் பாடுற பாட்டுன்னா எனக்கு இது ஒன்னுதான் தெரியும்க்கா. பொஸ்தகமே வேணாம். நாளைக்கு அம்மாவுக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா நான் எப்படி உசுரோட இருப்பேன்?"

யா அல்லாஹ்! அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

அன்னலட்சுமி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பெரியாயி, செத்த நேரம் உக்காரு. ஒம் மாமியாளுக்குப் பாடினேன், ஒம் புருஷனுக்குப் பாடினேன். ஊரே கேட்டுச்சு. கேக்க வேண்டிய ஆளு மட்டும் கேக்கல, கண்ண மூடிட்டுப் படுத்திருந்துச்சு." பிறகு மகளைப் பார்த்தார். "செத்தப்பறம் பாடினா எனக்கு எப்படித்தா கேக்கும்? இப்பவே பாடு. நான் கேக்குறேன்."

கம்சலா முதலிலிருந்து பாடினாள். குரல் உடைந்த இடங்களில் தாயே "ம்" கொட்டி நடத்தினார். கடைசியில் பெரியாயிதான் தாங்கமாட்டாமல் அன்னலட்சுமியைக் கட்டிக்கொண்டு கதறினார். "நான் இன்னும் இருக்கேன்டி, மூச்சு முட்டுது, விடு!" என்று அன்னலட்சுமி அழுகையும் சிரிப்புமாகச் சொல்ல, மாடியே சிரித்தது. குடையோடு நின்றவர்களும் புத்தகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

எல்லோரும் இறங்கியபிறகு நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

"எனக்கு எதுக்குங்க நன்றி?" என்றார். "நான் பட்டதெல்லாம் என்னோடயே போயிரும்னு நெனச்சிட்டு இருந்தேன். எம்மவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா."