தேச எதிர்காலமும் இரண்டு குழாய்களும்

தேசத்தின் எதிர்காலம் கல்கத்தாவில், பவானிபூரில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நிச்சயிக்கப்பட்டது. வேறெங்கோ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பி போட்டுக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

என் அகத்துக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சுருக்கெழுத்துக் குமாஸ்தா. துரை வாயிலிருந்து உதிர்வதையெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் பிடித்து டைப் அடித்துவிடுவார். வீட்டில் நான் சொல்வது மட்டும் அவர் காதில் ஏறாது. அவரைப் போல மதராஸ் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர், உபதலைவர், காரியதரிசி, உதவிக் காரியதரிசி என்று எல்லோருக்கும் ஒரு பதவி உண்டு. வெறும் அங்கத்தினர் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தலைவர் சர்க்கார் கணக்கு இலாகாவில் பெரிய அதிகாரி. அவர் தொண்டையைக் கனைத்தால் கூடத்தில் ஈ கூடப் பறக்க யோசிக்கும்.

ஊர் அப்போது அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. குதிரை இழுத்த டிராம் போய் மின்சார டிராம் வந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹவுராவில் நாளொரு ஆலை, பொழுதொரு புகைபோக்கி. வங்காளிப் பையன்கள் தெருமுனையில் சீமைத் துணியைக் குவித்துக் கொளுத்தினார்கள். எங்கள் சங்கத்தாருக்கும் ரத்தம் துடிக்கத்தான் செய்தது. ஆனால் பென்ஷன் என்று ஒன்று இருக்கிறதே! அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு தேசத்தை முன்னேற்றினார்கள். "தேசத்தைத் தூக்கி நிறுத்தப்போவது இயந்திரமா, வியாபாரமா, பொதுஜன சங்கங்களா?" என்று ஒரு விவாதம். அதை ஒரு மழைக்காலம் முழுக்க நடத்தினார்கள். தேசம் எழுந்து நின்றதோ இல்லையோ, என் காப்பிக்கொட்டை டப்பா படுத்துவிட்டது.

தலைவர் இயந்திரக் கட்சி. "யந்திரம்தான்யா தேசத்தோட கை, கால், முதுகெலும்பு எல்லாம்!" என்று தொடையில் தட்டிச் சொல்வார். சொல்லிவிட்டு டம்ளரைக் கையில் வாங்கும்போது ஒரு சந்தேகம் வந்துவிடும். "இது குழாய் ஜலம் இல்லையே?"

இந்தக் குழாய்க் கதையைச் சொல்லியாக வேண்டும். கல்கத்தா வீடுகளில் இரண்டு குழாய். ஒன்றில், முனிசிபாலிட்டி மணலில் வடிகட்டி அனுப்பும் தெளிந்த தண்ணீர் வரும். இன்னொன்றில் ஆற்றுத் தண்ணீர் அப்படியே, சேறும் சருகுமாக வரும். முற்றம் கழுவ, சாக்கடை தள்ள. அந்த இரண்டாவதுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் வினையாகப் போயிற்று. கங்கா ஜலம் என்றார்கள். ஆறு கங்கை, அதில் வருவது கங்கா ஜலம், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. சாக்கடையைத் தள்ளிவிட்டுக் குடிப்பதற்கு மற்றக் குழாய்க்குப் போய்விடுவார்கள். எங்களவர்களுக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் மெய் சிலிர்த்துவிட்டது. வீடு தேடி கங்கையே வருகிறாள், வேறென்ன வேண்டும்? தெளிந்த தண்ணீர் இயந்திரத்தில் புகுந்து வருகிறது, குழாய் வாயில் தோல் வளையம் இருக்கிறது, ஆகவே தீட்டு என்று அதைக் கால் கழுவ வைத்துக்கொண்டார்கள். கலங்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்து, குடித்தார்கள். அதுவும் இயந்திரத்தில்தான் வருகிறது, அந்தக் குழாயிலும் அதே தோல் வளையம்தான் என்று ஒரு மகானுபாவரும் யோசிக்கவில்லை. படித்தவர்கள், பாவம், அவர்களுக்கு எவ்வளவோ வேலை.

அந்த ஜலத்தைக் குடித்துத்தான் என் மூத்த பிள்ளை போனான். காலையில் வாந்தி எடுத்தான், விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அது அந்த ஜலத்தினால் என்று எனக்குத் தெரியாது. விதி என்றார்கள், நானும் விதி என்றுதான் அழுதேன். சங்கம் ஆழ்ந்த அனுதாபத் தீர்மானம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. நிறைவேற்றிவிட்டு, தாகத்துக்கு அதே குடத்திலிருந்து ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் குடித்தது.

பிறகு ஒரு பெண் பிறந்தாள். அவள் நடக்க ஆரம்பித்த சமயம், ஒருநாள் காலை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். முனிசிபாலிட்டி ஆள் ஒருவன் தெருக்குழாயில் நீளக் குழல் ஒன்றை மாட்டி, குதிரைச் சாணத்தை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தத் தண்ணீரின் நிறம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம். உள்ளே போய்க் குடத்தைப் பார்த்தேன். அதே நிறம், அதே சருகுத் துணுக்கு. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம், அவர்கள் பாஷையில் அண்ணி என்று அர்த்தப்பட நான் போவுதி என்று கூப்பிடுகிறவளிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் விசாரித்தேன். அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஓ மா! அதையா குடிக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் மாட்டுக்குக்கூட வைக்க மாட்டோமே! வடிகட்டின தண்ணீரைப் பிடி, மழைக்காலத்தில் அதையும் கொதிக்கவைத்துக் கொடு."

அவரிடம் சொன்னேன். "ஏன்னா, அது தெரு அலம்பற ஜலம்ன்னா."

"கங்கைக்கு ஏதுடி தோஷம்? சும்மா இரு, நாலு பேர் காதுல விழப்போறது" என்றார். நாலு பேர் காதுக்கு இருந்த மரியாதை என் வாய்க்கு இல்லை.

சரி, சும்மாவே இருந்தேன். மறுநாள் முதல் எல்லோரும் எழுமுன் தெளிந்த குழாயில் பிடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கங்கா ஜலக் குடத்தில் ஊற்றி வைத்தேன். இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று அவர் கேட்டபோது, "தேத்தாங்கொட்டையைக் கூட ரெண்டு தேய் தேய்ச்சேன்" என்றேன். தலைவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பேஷ்! கங்கா ஜலம்னா கங்கா ஜலம்தான். குழாய் ஜலத்துல இந்த ருசி வருமோ?" நான் சமையலறைக்குள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளை போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் பேதி வந்தது. எங்களவர்கள் வீடு ஒன்று பாக்கியில்லை, எங்கள் வீட்டைத் தவிர. என் பெண் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சங்கத்தார் இதைக் கவனித்து, கூடி ஆராய்ந்து, காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்ற வீட்டுப் பெண்டுகள் சோம்பல்பட்டு அவ்வப்போது வடிகட்டின ஜலத்தைக் கலந்துவிடுகிறார்களாம். எங்கள் வீட்டில் மட்டும்தான் சுத்த கங்கையாம். காரியதரிசி எழுந்து தீர்மானம் வாசித்தார். இந்த அகத்தையே உதாரணமாகக் கொண்டு, நம்மவர்கள் எல்லோரும், கைக்குழந்தைகள் உள்பட, கங்கா ஜலம் ஒன்றையே குடிக்க வேண்டியது.

ஐயோ! வாயைத் திறந்தால் என் பெண்ணுக்கு மறுபடி அந்தச் சேற்றைத்தான் ஊற்றுவார்கள். திறக்காவிட்டால் என் குடத்தையே சாட்சிவைத்து ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் ஊற்றுவார்கள். காப்பித் தட்டை அப்படியே நடுக்கூடத்தில் வைத்தேன். "நம்மாத்துல குடிக்கறது கங்கா ஜலம் இல்லை. வடிகட்டின குழாய் ஜலம். போன வருஷத்துலேர்ந்து அதைத்தான் எல்லாரும் குடிச்சிண்டிருக்கேள்" என்றேன்.

நான் எதிரே மலைபோல் நிற்கிறேன். தலைவர் என்னிடம் கேட்கவில்லை. என் அகத்துக்காரரைப் பார்த்து, "என்ன ஓய், உம்மாத்துல என்ன சொல்றா?" என்றார்.

"அவரைக் கேக்காதேங்கோ, அவருக்குத் தெரியாது. கங்கை என் பிள்ளையைக் கொண்டுபோயிட்டா. இன்னொண்ணைக் குடுக்க மாட்டேன். யந்திரம் தேசத்தைக் காப்பாத்தும்னு வாராவாரம் சொல்றேளே, அது ஒரு குடம் ஜலத்தைச் சுத்தம் பண்ணிக் குடுத்தா ஏன் குடிக்கக் கூடாது?"

உபதலைவர் முற்றத்துக்கு ஓடிப்போய்த் தொண்டைக்குள் விரலைவிட்டார். ஒரு வருஷமாக வயிற்றுக்குள் போனதையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே கொண்டுவரப் பார்த்தார், பாவம். அன்றைக்கு விவாதமே இல்லாமல் முடிவுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் பிராயச்சித்தம் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் எங்களோடு யாருக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. தேசத்துக்கு எது முக்கியம் என்று மாதக்கணக்கில் தெரியாமல் தவித்தவர்களுக்கு, இது மட்டும் எப்படித்தான் பளிச்சென்று தெரிந்ததோ!

அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஆபீஸ் போனார், வந்தார், சாப்பிட்டார். நான் வைத்த தண்ணீரைக் குடிக்கவும் செய்தார். ஏன், எது என்று கேட்கவில்லை. கோபமா, அவமானமா, எனக்குப் புரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பிராயச்சித்தத்தன்று சங்கம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. சாஸ்திரிகள் பஞ்சகவ்யத்தைத் தயாராக வைத்துவிட்டு, "கங்கா ஜலம் கொண்டாங்கோ. எல்லாரும் மூணு தரம் உட்கொள்ளணும்" என்றார். பிறகு என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார். "குழந்தையும் அந்த ஜலத்தைக் குடிச்சிருக்காளோன்னோ? அவளுக்கும் ரெண்டு உத்தரணி விடணும்."

தலைவர் காரியதரிசிக்குச் சைகை காட்டினார். காரியதரிசி செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் கலங்கல் குழாய்ப் பக்கம் நடந்தார். நான் பெண்ணை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். எந்த வழியாக ஓடுவது, போவுதி வீட்டுக் கதவு திறந்திருக்குமா என்றெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

என் அகத்துக்காரர் எழுந்தார். முற்றத்துக்குப் போய், காரியதரிசியின் கையிலிருந்து செம்பை வாங்கினார். "நான் கொண்டு வரேன், நீங்க உக்காருங்கோ" என்றார். தலைவர் தொண்டையைக் கனைத்தார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. வடிகட்டின குழாயைத் திருகி, செம்பு நிறையப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, நேரே சமையலறைக்குள் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காலெடுத்து வைக்காத இடம் அது. நானும் பின்னாலேயே ஓடினேன். எரிகிற அடுப்பின்மேல் செம்பை வைத்துவிட்டு, அதன் முன் குந்தி உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இது எத்தனை நாழி கொதிக்கணும்டி?"