முன்னால் போகிற பஸ்

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவர்களுக்கு உளவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் மனிதர்களின் குணங்களைப் பற்றி ஒரு அத்தியாயம். அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு புத்தகத்தைப் பார்ப்பாள். "உன்னப் பாத்து எழுதன மாரியே கீதுப்பா" என்பாள். அவள் அம்மாவுக்கு இதைவிடச் சந்தோஷமான பாடம் வேறு கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. யோசிக்காமல் சட்டென்று ஒன்றைச் செய்துவிடுகிறவனை அவசர புத்திக்காரன் என்று ஒரே பேர் வைத்துத் திட்டுகிறோம். ஆனால் அது ஒரே குணம் இல்லையாம். கோபமோ துக்கமோ வந்தால்தான் சிலர் அப்படி. சிலர் ஆபத்து என்று தெரிந்தும் ஆசைப்பட்டுப் போகிறவர்கள். சிலருக்கு எடுத்த வேலையில் கடைசிவரை மனம் நிற்காது. நீ இதில் எந்த வகை என்று என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுகிறேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, செம்புக்கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக் கட்ட வேண்டும். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் மறுபடி எரியும். அந்த வேலையில் என்னைக் குறை சொன்னவர் இல்லை. கோபத்தில் யார்மேலும் கை நீட்டியதும் இல்லை. அப்படியானால் எனக்கு என்னதான் கோளாறு? ரொம்ப யோசித்து நானே கண்டுபிடித்தேன். கையில் வேலை இல்லாமல் காத்திருப்பது எனக்கு ஆகாது. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் என்ன பாடு படுத்துகிறது!

எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தோம். காய் பிடித்ததா, பருப்பு முற்றியதா என்று நாள் தவறாமல் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். அறுவடைக்குள் வரப்போரமாக ஒரு பாய் விரிக்கிற அளவு மொட்டையாகிவிட்டது. "மிச்சத்தையும் பாத்துட்டு வந்துடுங்க, ஆளுக்குக் கூலியாவது மிச்சமாவும்" என்றாள் என் வீட்டுக்காரி.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மகளுடைய படிப்பில் நான் செய்தது அப்படி இல்லை. அதை என் பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்குமாக எழுதி வைக்கிறேன். அப்பா செய்த தப்பை அப்பாவே சொன்னால்தான் கணக்கு நேராக இருக்கும்.

நர்சிங் சேர்க்கைக்கு விழுப்புரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் பன்னிரண்டாவதில் எடுத்த மார்க்குக்கு இந்த ஒரு இடம்தான் பக்கத்தில் கிடைக்கும். வெளியூரில் தங்கிப் படிக்க வைக்க எங்களால் ஆகாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எட்டு மணிக்கே பஸ் ஏறினோம். கூட்டம். மடியில் வைத்தால் ஃபைல் கசங்கும் என்று அவளிடமிருந்து வாங்கி மேலே சாமான் வைக்கும் இடத்தில் நானே வைத்தேன். கூட்டேரிப்பட்டு வரைக்கும் நல்ல வேகம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றது. எங்கள் வரிசையில் முதலில் நின்ற லாரிக்குக் கண்ணாடியில் ஒட்டிய டோல் ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை. டிரைவர் இறங்கி வாதாடிக்கொண்டிருந்தார். பக்கத்து வரிசை நகர்ந்தது. பக்கத்து வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை எனக்குக் கிடையாது.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அவள் அதைச் சொன்னாள். டயம் இருக்கிறது, உட்காருப்பா என்றாள். நான் அதற்குள் படிக்கட்டில் நின்றேன். பக்கத்து வரிசையில் எங்களைத் தாண்டி ஒரு பஸ் மெல்ல முன்னேறியது. "எறங்கு, எறங்கு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் கார்களுக்கு நடுவில் ஓடிப் பின்படிக்கட்டில் ஏறிவிட்டோம். பஸ் டோலைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிள்ளைகளே, அந்த நினைப்பு எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

ஊர்ப் பேர் எழுதிய போர்டு பஸ்ஸின் முன்னால் இருக்கும். நாங்கள் ஏறியது பின்னால். கண்டக்டர் வந்தார், நான் விழுப்புரத்துக்கு டிக்கெட் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"திருச்சி வண்டிண்ணே இது. ஊருக்குள்ள போவாது. பைபாஸ்ல வேணா எறக்கி வுடறேன். இம்மாம் பெரிசா போர்டு வெச்சிக்கினு போறோமே, யாருக்கு?"

நான் அசடு வழிந்துகொண்டிருந்தபோது மகள் மெதுவாகக் கேட்டாள்.

"ஃபைல் எங்கப்பா?"

ஃபைல் முந்தின பஸ்ஸில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

பைபாஸில் இறங்கி, வெயிலில் நின்று, ஷேர் ஆட்டோ பிடித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது பத்தாகிவிட்டது. நான் நகராது என்று விட்டுவிட்டு ஓடிய பஸ் ஒன்பதரைக்கே வந்து சேர்ந்திருந்தது. அதன் கண்டக்டர் நல்ல மனிதர், ஃபைலை டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அங்கிருந்தவர் அவள் பேர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் கேட்டுச் சரிபார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃபைலை அவளிடமே நீட்டினார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

சரிபார்ப்பு நடந்த இடத்துக்குப் போகும்போது பத்தரை. அவள் பேரை ஒரு முறை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். எல்லாரும் முடியட்டும், இடம் மிச்சம் இருந்தால் கடைசியில் பார்க்கலாம் என்றார் மேசையில் இருந்த அம்மா. இடம் மிச்சம் இருந்தால்.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சும் ஆடியது. மறுகோடியில் இருந்த ஒரு அம்மா எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். ஒவ்வொரு பெண்ணாக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு இடம் குறைகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு முறை எழுந்துபோய் மேசைப் பக்கம் நின்றேன். இரண்டாம் முறை மேசையில் இருந்த அம்மா முகம் சுளித்தார். மூன்றாவதாக எழுந்தபோது மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

"நீ ஒக்காருப்பா. இன்னொரு வாட்டி எழுந்து போய்க் கேட்டினா, நான் ஃபைல எடுத்துக்கினு வூட்டுக்குப் போயிடுவேன். நெஜமா."

உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். இரண்டு மணி நேரம் அது. எரிந்த மோட்டாரைக்கூட அதற்குள் பாதி கட்டியிருப்பேன். எழுந்து போய்ச் சண்டை போட்டால் ஏதோ செய்த மாதிரி இருக்கும், உட்கார்ந்திருந்தால் பெண்ணின் படிப்பைக் கை நழுவ விட்ட மாதிரி இருக்கும். உள்ளுக்குள் அப்படித்தான் கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் பொய் சொல்கிறது என்று அன்றைக்கு வரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு மணிக்கு அவள் பேரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தவள் சிரிக்கவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எண்ணி ஃபைலில் வைத்து மூடினாள். அப்புறம்தான் சொன்னாள்: இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து கிளாஸ்.

மொத நாளைக்கு நானே கூட்டிக்கினு வர்றேன் என்றேன்.

"வாணாம்பா, நான் தனியாவே போய்க்கறேன்."

"மொத நாளாவது வர்றேம்மா. எல்லா அப்பாவும் வருவாங்க இல்ல?"

"வருவாங்கதான்" என்றாள். "ஆனா மொத நாளே லேட்டா போவக் கூடாதுப்பா."