தன்னால் திறக்க முடியாத பூட்டைப் போட்டவர்

நிஸ்தார் நானா இறந்த செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. தெமோதரையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மருமகன் பேசினார். "மாமா மவுத்தாயிட்டார் அண்ணே. அஸர் தொழுகைக்கு முந்தி அடக்கம்." கேட்டதும் அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நானாவை அறிந்தவர்கள் படிக்கப் போகிறீர்கள். பொய் எடுபடாது. முதலில் எனக்குத் தோன்றியது, "ஐயோ, எங்கள் சனங்களின் பத்திரங்களை இனி எப்படித் திறந்து எடுப்பது?" என்பதுதான். அழுகை அதற்குப் பிறகு, பஸ் பதுளைக்குப் பாதி வழி போனபோது வந்தது.

பதுளையில் நானா வைத்திருந்தது ஃபோட்டோ கொப்பிக் கடை. மூலையில் இருந்த கணினியை அவர் தானாகவே படித்துக்கொண்டார். நான் தேயிலைத் தொழிற்சாலை ஆள்; தோட்டத்து நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பதவியைக் கொடுத்தார்கள். கையெழுத்து தேவைப்படாத ஒரு வேலைக்காகத்தான் நானாவிடம் போக வேண்டி வந்தது.

பக்கத்து டிவிஷனில் மண் சரிந்தபோது பாக்கியம் அக்காவின் லயத்து வீடும் போனது. உயிர் தப்பிய அக்காவிடம் ஒரு காகிதமும் மிஞ்சவில்லை. "நான் பொறந்தேன்னு காட்டவே ரெண்டு வருசம் அரசாங்கக் கச்சேரிக்கு அலைஞ்சேன் தம்பி. செத்துட்டேன்னு காட்டுறது இதவிட லேசா இருந்திருக்கும்" என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லா வீட்டுப் பத்திரங்களையும் கொப்பி எடுத்து வைப்பது என்று அன்றே முடிவானது.

நானாவிடம் போய்ச் சொன்னேன். "கொப்பிய எங்க வைப்பீங்க?" என்றார். சங்கக் கட்டடத்து அலுமாரியில் என்றேன். "அலுமாரி எங்க இருக்கு?" "தோட்டத்துலதான்." "அப்ப ஒரிஜினலும் கொப்பியும் ஒரே மண்ணுலதானே பொதையும், செக்ரட்டரி?" அன்றிலிருந்து கடைசிவரை என்னைச் செக்ரட்டரி என்றுதான் கூப்பிட்டார். மரியாதையா கிண்டலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பத்திரங்களைப் ஃபோனில் படம் பிடித்து, இணையத்தில் ஒரு பெட்டகத்தில் போட்டோம். அங்கிருந்து எடுத்து, வேறு நாட்டில் நானா வாடகைக்குப் பிடித்திருந்த சேர்வர் என்ற கணினிக்கு வாரம் ஒருமுறை அனுப்புவது என் பொறுப்பு. மூன்றாவது வாரமே, அறுபது பேரின் அடையாள அட்டைப் படங்களை என் மகள் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பாசிரியை, "இது யாருடைய குடும்பம்?" என்று கேட்டிருந்தார். அழித்துவிட்டுப் பதுளைக்கு ஓடினேன். நானா கோபப்படவில்லை. "ஒங்கள நம்புறன். ஒங்கட வெரல நம்ப ஏலாது" என்றார்.

அந்த வாரமே என் விரலுக்கு ஓய்வு கிடைத்தது. தினமும் விடியற்காலையில் கடைக் கணினி தானாக விழித்துக்கொள்ளும். பெட்டகத்தில் புதிதாக வந்தவற்றை எடுக்கும், பூட்டும், சேர்வருக்கு அனுப்பும், அங்கே முழுதாகச் சேர்ந்ததா என்று பார்க்கும். சேர்ந்த பிறகுதான் பெட்டகத்தில் இருப்பதை அழிக்கும். பிறகு எனக்கொரு குறுஞ்செய்தி வரும். யார் கையும் படாது.

பூட்டு என்ன பூட்டு என்று கேட்டேன். மேசையிலிருந்த ஆமைப்பூட்டை எடுத்து, சாவி இல்லாமலே சடக்கென்று அழுத்திப் பூட்டினார். "பூட்ட யாருக்கும் ஏலும். தொறக்கத்தான் சாவி வேணும். பூட்டு என்ட மெசின்ல இருக்கும். சாவி ஒங்கட கையில." ஒரு சாவியை அவரும் வைத்துக்கொண்டால் நல்லதுதானே என்றேன். "முழுத் தோட்டத்துட பத்திரமும் ஒரு கடைக்காரன்ட கையில இருக்கலாமா? போய்ச் சேந்தத எனக்கும் தொறக்க ஏலாதுன்னு இருக்கணும். அப்பதான் நான் நிம்மதியாத் தூங்குவன்."

அந்தச் சாவி ஒரு பென் டிரைவில் இருந்தது. காகிதத்திலும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுத்தும் எண்ணுமாக எழுபதுக்கு மேல். "ஒங்கட தோட்டத்துல ஒராள் தனியாத் தொறக்க ஏலாத பெட்டி ஏதாச்சும் இரிக்கா?" என்றார். இருந்தது. அம்மனின் நகைப் பெட்டிக்கு மூன்று பூட்டு. தலைவர், பூசாரி, செயலாளர் மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும். காகிதம் அதற்குள் போனது.

நல்லவேளை போனது. போன வருட மழையில் எங்கள் கீழ் லயத்தில் ஐந்து வீடுகளுக்குள் சேறு புகுந்தது. புது வீட்டுப் பட்டியலில் பெயர் வர, வெள்ளிக்கிழமைக்குள் கிராம சேவகரிடம் பத்திரங்களைக் காட்ட வேண்டும். மகளின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ப் பென் டிரைவைச் செருகினால், உள்ளே ஒன்றுமில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. சாவியும் பத்திரமாக இருக்கட்டுமே என்று ஒரு நாள் அதைப் பென் டிரைவிலிருந்து வெட்டி எடுத்து, அந்த இணையப் பெட்டகத்திலேயே போட்டிருந்தேன். மறுநாள் விடியலில் கணினி அதையும் பூட்டி, அனுப்பி, பெட்டகத்தில் இருந்ததை அழித்துவிட்டது.

"சாவியப் பெட்டிக்குள்ள போட்டுப் பெட்டியப் பூட்டிட்டீங்க" என்றார் நானா. சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

தலைவரையும் பூசாரியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடி, அவர்களோடும் காகிதத்தோடும் மீண்டும் கடைக்கு வந்தேன். காகிதத்தைக் கண்டதும் நானா நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நானா, நீங்களே அடிச்சிருங்க, நேரமாகுது" என்று கெஞ்சினேன். "அத நான் பாக்கக் கூடாது. நீங்க அடிங்க." ஒற்றை விரலால் அடித்தேன். மூன்று தடவை பிழையாகப் போனது. பூசாரி சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார். நானா திரும்பாமலே, "எண்ணிப் பாருங்க, ஒன்னு கொறையும்" என்றார். ஒன்று குறைந்துதான் இருந்தது. நாலாவது தடவை திறந்தது. ஐந்து வீட்டுப் பத்திரங்களும் வந்தன. வியாழன் பின்னேரமே கிராம சேவகர் கையில் கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் நானா அந்தச் சட்டத்தைப் போட்டார். ஒவ்வொரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கும் ஏதாவது ஒரு வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப வரவழைத்து, திறந்து பார்க்க வேண்டும். "அனுப்பினது பெரிய காரியமில்ல. திரும்பி வந்தாத்தான் அது நம்மட." அவர் நோயில் விழுந்த பிறகும் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு கூடவே இருந்தார். அவர் குரல் இல்லாமல் நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. பஸ்ஸில் எனக்கு வந்த பயம் அதுதான்.

அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் நின்றபோது மருமகன் என் கையைப் பிடித்தார். "மெசின நிப்பாட்டல்ல அண்ணே. நிப்பாட்ட வேணாமுன்னு மாமா சொல்லிட்டுத்தான் போனார்." அனுப்புவதற்கு ஆள் இருக்கிறது. திரும்ப எடுப்பதற்கு நான் மட்டும்தான்.

அடுத்த போயா வந்தது. வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, வீட்டுப் பட்டியலை மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தேன். "எந்த வீட்டுத எடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. தெரியவில்லை என்றேன். "நம்ம வீட்டுத எடுங்க." ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிய செயலாளர், சொந்த வீட்டுப் பத்திரங்களைப் படம் பிடிக்கவே இல்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "அதெல்லாம் போயிருச்சுங்க. நானாதான் எனக்குப் ஃபோன் போட்டாரு. 'ஒங்கட மனிசன் ஊர் வீட்டுக்கெல்லாம் ஓடுவார், சொந்த வீட்ட மறப்பார், நீங்களே படம் புடிச்சுப் போடுங்க'ன்னாரு. தகரப் பெட்டில இருந்த எல்லாத்தையும் போட்டேன்."

பென் டிரைவில் மறுபடி ஏற்றிவைத்திருந்த சாவியைக் கணினிக்குக் கொடுத்தேன். முதல் தடவையிலேயே திறந்தது. எங்கள் கலியாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் மரணச் சான்றிதழ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண் கலங்கியிருந்ததால் கடைசிப் படம் எது என்று நான் கவனிக்கவில்லை. மகள் கவனித்துவிட்டாள். என் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு. மழையில் நனைந்து அழிந்துபோனதாகப் பிள்ளைகளிடம் பதினைந்து வருடங்களாக நான் சொல்லிவந்த அதே காகிதம்.

"அப்பா, கணக்குல எஃப்பா?" என்று அவள் கத்தியது மேல் லயம்வரை கேட்டிருக்கும்.

நிஸ்தார் நானாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்பவர்களுக்கு: அந்த எஃப்தான். ஏதோ ஒரு நாட்டில், மழை எட்டாத இடத்தில், பூட்டோடு இருக்கிறது. இனி எந்த மண் சரிந்தாலும் அது அழியாது.