அக்காவுக்குக் கேட்காத என் குரல்

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தினமும் காலையில் காணொளிக் கூட்டம் நடக்கும். குழுவுக்குப் பொறுப்பானவர் திருகோணமலையில் இருக்கும் ஓர் அக்கா. எல்லோரிடமும் கருத்துக் கேட்பார். என்னிடம் மட்டும் கேட்கமாட்டார். நானாகப் பேசினாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். வேலையை விடப்போவதாக ஒருநாள் அவருக்கு எழுதி அனுப்பினேன்.

உடனே தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு காது கேக்காது. மற்றதுக்கு மெஷின் போட்டிருக்கிறன். இப்ப ஃபோனில நீங்கள் கதைக்கிறது தெளிவாக் கேக்குது. கூட்டத்தில கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும், ஒண்டும் விளங்காது. எல்லாருக்கும் முன்னால திரும்பத் திரும்பக் கேட்டால் நீங்கள் கூச்சப்படுவியள் எண்டுதான் பேசாமல் இருந்தனான்."

ஃபோனை வைத்துவிட்டு முன்னறையைச் சுற்றிப் பார்த்தேன்.

தகரக் கூரையும் வெறும் சீமெந்துச் சுவருமாக, பேசினால் எதிரொலிக்கும் அறை அது. மடிக்கணினியையும் எட்ட வைத்துத்தான் பேசுவேன். அன்று பின்னேரமே கணவர் கிளிநொச்சியில், சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றை வாங்கி வந்தார். இருவருமாகச் சுவர்களில் போர்வைகளைக் கட்டினோம்.

"கலியாணப் பந்தல் மாதிரிக் கிடக்கு" என்றார் அவர்.

மறுநாள் அக்கா முதலில் என்னிடம்தான் கருத்துக் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் நான் சொன்ன பகிடிக்கு முந்திச் சிரித்தவரும் அவர்தான்.

இப்போது யாராவது எனக்குப் பதில் சொல்லாமல் இருந்தால், மனம் கோணுவதற்கு முன் ஒன்று கேட்டுவிடுகிறேன்: "நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதோ?"