பழனியாண்டி பெண்சாதி

என் மதினி இருளம்மாள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் கோம்பையில் எந்தப் பொம்பளை சொன்னாள் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் சொன்னதில்லைதான். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று பயம். ஆனால் மதினியின் பயம் மற்றவர்கள் பயத்தைவிட இரண்டு முழம் கூடுதல். அவள் புருஷன், அதாவது என் கூடப்பிறந்த அண்ணன், பெயர் ஒச்சாண்டி. எங்கள் குலசாமி ஒச்சாண்டம்மன் பெயரை வைத்தது. அதனால் மதினி குலசாமி பெயரையும் சொல்ல மாட்டாள், 'நம்ம சாமி' என்பாள். வாசலுக்குப் பிச்சைக்கு வருகிற ஆண்டியைக் 'காவிக்காரரு' என்பாள். ஆண்டிபட்டிச் சந்தைக்குப் போய் வந்தால் 'கணவாய்ச் சந்தைக்குப் போயிட்டு வாரேன்' என்பாள். நான் வேண்டுமென்றே வாயைக் கிளறுவேன்.

"மதினி, தேனியிலருந்து மதுரைக்கு ரயில்ல போனா வழியில என்ன ஊரு வரும்?"

"ஏந்தம்பி, ஒங்களுக்கு வேற சோலி இல்லையா? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

வயிறு வலிக்கச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணனுக்குக் கல்யாணமான மறுவருஷம் எங்கள் மானாவாரிக் காடு காய்ந்து போனது. ஊருக்குள் கங்காணி ஆள் சேர்க்க வந்தான். புருஷனும் பெண்சாதியும் சிலோனுக்குக் கப்பல் ஏறினார்கள். பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்ற வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பரா. மதினி கொழுந்து கிள்ளினாள். அண்ணன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினான். அங்கேதான் பவுனு பிறந்தாள். எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் பிழைத்தார்கள்.

1939 வைகாசியில் மதினியைப் பெற்றவள் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று நான்தான் கடிதம் போட்டேன். மதினி மட்டும் வந்தாள். 'ஒரு மாசத்துல திரும்பப் போறவளுக்குப் பிள்ளை எதுக்கு, கப்பல்ல வாந்தி எடுக்கும்' என்று ஐந்து வயசுப் பவுனை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தாள். கிழவியோ ஆடி கடைசி வரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். எடுத்துப் போட்டு, பதினாறாம் நாள் காரியமும் முடித்து மதினி மூட்டை கட்டியபோது சர்க்கார் தடை போட்டிருந்தது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து கூலி வேலைக்கு யாரும் சிலோன் கப்பல் ஏறக் கூடாது. புதிதாகப் போகிறவனுக்குத்தான் தடையென்று நான் நினைத்தேன். ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் அதே தடைதானாம்.

மதினிக்கு விளங்கவே இல்லை. "நான் ஒண்ணும் புதுசாப் போகலையே தம்பி. என் சட்டி பானை அங்கன இருக்கு, பிள்ளை அங்கன இருக்கு. எம் வீட்டுக்கு நான் போறதுக்கு எவன்கிட்டக் கேக்கணும்?"

அண்ணனிடமிருந்து மாதம் தவறாமல் மணியார்டர் வந்துகொண்டிருந்தது. தபால்காரர் அழகர் கொண்டு வருவார். அதோடு இருக்கும் கூப்பனில் நாலு வரி எழுதியிருக்கும். 'சீக்கிரம் வா. பவுனு உன் பழைய சேலையைப் போர்த்தினால்தான் தூங்குகிறாள்.' நான் படித்துச் சொன்னதும் மதினி கூப்பனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்துகொள்வாள். பணம் மாசாமாசம் கடல் தாண்டி வந்தது. அந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்துக் கடல் தாண்ட அவளுக்குத்தான் வழியில்லை. ரூபாய்க்கு ஒரு சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சட்டம். இதைப் போட்டவன் எவனோ, அவன் நன்றாக இருக்க மாட்டான்.

உத்தமபாளையத்தில் சின்னச்சாமி என்று ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். அவர் ஒரு வழி சொன்னார். "புருஷன் அங்கன வேலையில இருக்கான்னா ஒரு மனுப் போட்டுப் பாக்கலாம்ப்பா. ராமேசுவரம் போற ரயில் பாதையில, கடலோரமா முகாம் ஆபீஸ் இருக்கு. நேருல போயிக் கைநாட்டு வைக்கணும். அவுக தோட்டத்துக்கு எழுதிக் கேப்பாக. இன்னாரு பெண்சாதி இந்தம்மான்னு தொரை எழுதிட்டா அனுமதிச் சீட்டுக் குடுப்பாக."

தை அமாவாசைக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் ராமேசுவரம் போனது. அவர்களோடு மதினியை அனுப்பினேன். நான் கூடப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு வாய்க்காலில் நான் குத்தகைக்குப் பிடித்த வயலுக்குத் தண்ணீர் முறை. முறையை விட்டால் பத்து நாள் பயிர் காயும். பயிர் காய்ந்தால் காயட்டும் என்று போயிருக்க வேண்டும். போகவில்லை. மஞ்சள் பையில் அந்தக் கூப்பன்களையெல்லாம் போட்டுக் கொடுத்து, 'இதைக் காட்டுங்க, போதும்' என்றேன். தோட்டத்து வழக்கப்படி எல்லாவற்றிலும் அனுப்பியவர் என்று பெரிய கங்காணியின் பெயர்தான் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் 'புருஷன் பெயர் ஒச்சாண்டி' என்று எழுதிப் பையில் போட அரை நிமிஷம் ஆகியிருக்குமா? எட்டாவது வரை படித்த மடையன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

நாலாம் நாள் மதினி திரும்பி வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்தது அதுதான் கடைசி.

"எல்லாம் எழுதிட்டாக தம்பி. தோட்டம் பேரு, லயத்து நம்பரு, பவுனு பேரு எல்லாம் சொன்னேன். பவுனு அய்யா பேரு கேட்டாக பாருங்க, எனக்கு வேர்த்துப் போச்சு."

"என்ன சொன்னீக?"

"அதச் சொல்லுவேனா நான்? முன்பாதி எங்க குலசாமி, பின்பாதி பழனி மலையில கோமணத்தோட நிக்காரே, அவருன்னேன். அந்தக் குமாஸ்தா நல்ல சூட்டிகை. 'சரி சரி, புரிஞ்சிருச்சு'ன்னு சடார்னு எழுதிட்டாரு. இங்கிலீசுல கடகடன்னு படிச்சுங் காமிச்சாரு, எனக்கு ஒண்ணும் பிடிபடல. நான் பெருவிரல வச்சிட்டு வந்துட்டேன்."

குமாஸ்தாவுக்குப் புரிந்துவிட்டதா? எங்கிருந்தோ வந்த மனுஷனுக்கு எங்கள் குலசாமி யாரென்று எப்படித் தெரியும்? அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். பெரிய ஆபீஸ், விசாரிக்காமலா எழுதியிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

பதில் வைகாசியில் வந்தது. இங்கிலீஷில் ஒரு தாள். உத்தமபாளையத்துக்கு மதினியும் கூடவே வந்தாள். சின்னச்சாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு மதினியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்பா குருசாமி, ஒங்க அண்ணன் பேரு என்ன?"

"ஒச்சாண்டிங்க."

"இதுல பழனியாண்டின்னுல்ல போட்டிருக்கு. 'தோட்டத்தில் பழனியாண்டி என்று ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி அவருடனேயே இருக்கிறாள். மனுதாரர் சொன்னது பொய். இனிமேல் இவருடைய மனு ஏற்கப்படாது.' இதுதேன் சங்கதி."

மதினி பேய் அறைந்தவள் மாதிரி நின்றாள். "பழனின்னு நான் சொல்லலையே சாமி. மலையத்தான சொன்னேன். நான் மலையத்தான சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையேதான் சொன்னாள்.

பழனியாண்டி என்று ஒரு ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு மனுப் போட்டுச் சரிக்கட்டியிருக்கலாம். ஆனால் இருந்தான். அதுவும் அண்ணன் குடியிருந்த லயத்தில், அடுத்த காம்பராவில். அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. துரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் அத்தனை பேர் முன்னால் பழனியாண்டியைக் கூப்பிட்டு, 'இந்தியாவில் இருளம்மாள் என்று உனக்கு இன்னொரு பெண்சாதி இருக்கிறாளா?' என்று கேட்டாராம். தோட்டமே சிரித்ததாம். பழனியாண்டி பெண்சாதி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டாளாம். 'அவன்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் உண்டு. இப்போது அவளே கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள்' என்று எழுதியிருந்தான்.

கோபம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் அண்ணனுக்குத்தான் மூத்த பங்கு. நான் மூன்று கடிதம் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அட பாவி, உன் ஆயுசுக்குப் பயந்துதானடா அவள் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினேன். பதில் இல்லை. ஆனியில் நானே அந்த முகாமுக்குப் போனேன். 'புருஷனே தன் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்' என்றார்கள். எழுத வேண்டியவன் எழுதினால்தானே! மணியார்டரும் நின்றுபோனது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அழகர் வாசலில் நின்று, "ஆத்தா, மணியாடர்" என்றார்.

மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மை தடவச் சொல்லிப் பெருவிரலை நீட்டிக்கொண்டே வந்தாள். "நான் சொன்னேன்ல தம்பி, கோவம் எத்தன நாளைக்கு இருக்கும்?" என்றாள். அழகர் மைக்கட்டையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மேல்விலாசம் ஒரு மாதிரி எழுதியிருக்கு, தம்பி."

"படிங்கய்யா" என்றாள் மதினி.

"பழனியாண்டி பெண்சாதி இருளம்மாள். கோம்பை."

"கூப்பன்ல?"

அழகர் அதையும் படித்துத் தொலைத்தார். "பவுனுக்கு வேறு ஆத்தா வந்தாச்சு."

ஐந்து ரூபாய் மணியார்டர். அந்த ஐந்து ரூபாயை வாங்க வேண்டுமென்றால் பழனியாண்டி பெண்சாதி என்று அவள் இரண்டாம் தடவையும் கைநாட்டு வைக்க வேண்டும். அதற்காகவே அனுப்பியிருக்கிறான். என்னோடு ஒரு வயிற்றில் பிறந்தவன்.

"ஆளு நீங்கதேன்னு எனக்குத் தெரியும், ஆத்தா. விரல வச்சிட்டு வாங்கிக்கங்க, வீட்டுச் செலவுக்கு ஆகும்" என்றார் அழகர்.

நீட்டிய விரலை மதினி மடக்கிக்கொண்டாள். "எம் புருசன் பேரு அது இல்ல."

"தெரியும், ஆத்தா."

"ஒச்சாண்டி" என்றாள்.

எனக்கு முதலில் யார் பேசினார்கள் என்றே தெரியவில்லை. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அடுத்து அழகரைத் தள்ளிவிட்டு நடுத்தெருவுக்குப் போனாள். "எழுதிக்கங்க. ஒச்சாண்டி! எம் புருசன் பேரு ஒச்சாண்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தண்ணீர்க் குடத்தோடு போன பொம்பளைகள் அப்படியே நின்றார்கள். மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நான் போய்க் கையைப் பிடித்தேன். பிடிக்க முடியவில்லை.

மணியார்டரை வாங்க மறுத்துவிட்டார் என்று எழுதி அழகர் திருப்பி அனுப்பினார். அதோடு அங்கிருந்து எந்தத் தபாலும் வரவில்லை.

அதற்குப் பிறகும் மதினி ஏழு வருஷம் இருந்தாள். கூலிக்கு நாற்று நட்டாள், களை எடுத்தாள், எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தாள். பேச்சு குறைந்துபோனது. ஒவ்வொரு சித்திரையும் நடந்தே வீரபாண்டி போய் அக்கினிச்சட்டி எடுத்தாள். போடி ரயில் பாதையை உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று பெயர்த்துக்கொண்டு போன வருஷமும் எடுத்தாள், காய்ச்சலில் கிடந்து எழுந்த வருஷமும் எடுத்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து வருவாள். ஒரு வருஷம் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"யாருக்கு மதினி இந்த நேத்திக்கடன்? அந்தப் பயலுக்கா? ஒங்களத் தெருவுல நிறுத்துன பயலுக்கா?"

"நாந்தேன தம்பி பேரச் சொன்னேன். நடுத்தெருவுல வச்சு மூணு தடவை சொல்லிட்டேன். அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பவுனுக்கு அய்யாவும் இல்லாமப் போயிரும்ல."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

1947 கார்த்திகையில் பள்ளத்தாக்கு முழுக்க மலைக்காய்ச்சல். ஆறு நாள் குளிரிலும் ஜன்னியிலும் கிடந்தாள். ஜன்னியில் பவுனைக் கூப்பிட்டாள், துரையைக் கூப்பிட்டாள், மலையத்தான சொன்னேன் என்றாள். அந்த நினைவு தப்பிய நிலையிலும் அண்ணன் பெயர் அவள் வாயில் வரவில்லை. ஏழாம் நாள் விடியலில் அடங்கிவிட்டாள்.

கொள்ளி வைத்துவிட்டு, மறுநாள் கிராம முன்சீப்பிடம் சாவைப் பதியப் போனேன். அவர் பெரிய நோட்டைப் பிரித்துத் தொட்டெழுதும் பேனாவை மையில் நனைத்தார்.

"பேரு?"

"இருளம்மாள்."

"வயசு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"புருஷன் பேரு?"

"ஒச்சாண்டி" என்றேன்.

சரியாக எழுதிக்கொண்டார். திருப்பிக்கூடக் கேட்கவில்லை.